வட்டம் என்னும் சொல்

மேலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் உழவர் ஒருவர், மூன்று விண்ணப்பங்களைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகின்றார் என்று கொள்க. ஒன்று, தந்தை விட்டுச் சென்ற நிலத்தின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றித் தருமாறு வேண்டுவது. மற்றொன்று, கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்பது. மூன்றாவது, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய விரைவு அஞ்சல் வந்து சேரவில்லை என்று முறையிடுவது. மூன்று தாள்களிலும் 'வட்டம்' என்ற சொல்லுக்கு எதிரே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோமாயின், அவர் என்ன எழுதுவார்? முதல் தாளில் 'மேலூர்' என்று எழுதுவார், அது சரியே. இரண்டாவது தாளிலும் அவ்வாறே எழுதுவார், அது பிழையாகிவிடும். மின்பகிர்மானத் துறையின் கணக்கில் அவருடைய வட்டம் மேலூர் அன்று, மதுரை. மூன்றாவது தாளில் எதை எழுதினாலும் பிழைதான். அஞ்சல் துறைக்குத் தமிழ்நாடு முழுவதுமே ஒரு வட்டம்.

இத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. அவர் வயலுக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீரை ஆளும் பொறியாளர் அலுவலகத்தின் பெயர் 'பெரியாறு வைகை வடிநில வட்டம்'. 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் எந்தெந்த ஊர்களுக்குப் பாய்கின்றதோ, அந்தப் பாசன நிலப்பரப்பைச் சுற்றி வரைந்த கோடு அது. மதுரை மாநகரில் குடியிருக்கும் அவர் தம்பியைக் கேட்டால், அவர் வேறொரு வட்டத்தைச் சொல்லுவார். அங்கே அரசியற் கட்சிகளின் சுவரொட்டிகளில் காணும் 'வட்டச் செயலாளர்' என்பவர் மாநகராட்சியின் நூறு வார்டுகளுள் ஒன்றில் தம் கட்சிப் பணியைப் பார்ப்பவர். ஆகவே, வட்டம் என்னும் ஒரே சொல் சில தெருக்களையும் குறிக்கின்றது. பல சிற்றூர்கள் சேர்ந்த நிலப்பரப்பையும் குறிக்கின்றது. ஆற்றின் பாசனப் பரப்பையும் குறிக்கின்றது. மாநிலம் முழுவதையும் குறிக்கின்றது.

இன்னும் வேடிக்கையானது ஒன்று உண்டு. வருவாய்த் துறையில் பல வட்டங்கள் சேர்ந்தது ஒரு கோட்டம். அதனால் கோட்டாட்சியர் மேலானவர்; வட்டாட்சியர் அவருக்குக் கீழ்ப்பட்டவர். மின்பகிர்மானத் துறையிலோ பல கோட்டங்கள் சேர்ந்தது ஒரு வட்டம். ஒரு தெருவில் தந்தையாக இருப்பவர், அடுத்த தெருவுக்குச் சென்றதும் மகனாகிவிடும் விந்தையை ஒத்தது இது. இரு துறையினரும் தத்தம் வழக்கில் சிறிதும் ஐயமின்றி இருக்கின்றனர். ஐயமெல்லாம் விண்ணப்பம் எழுதுபவருக்கே.

இந்தக் குழப்பத்தைக் காண்பவருள் ஒரு சாரார், 'தமிழில் சொற்கள் போதா. ஒரு சொல்லையே ஒன்பது இடத்தில் இட்டு ஒப்பேற்றுகிறார்கள்' என்று குறை கூறுவர். மற்றொரு சாரார், 'இடம் நோக்கிப் பொருள் கொள்வதே அறிவு. சொல்லின்மேல் குறை இல்லை' என்பர். இரண்டும் பாதி உண்மைகள். சொல்லின் வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால் குறை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

வட்டம் என்பது முதலில் ஒரு வடிவத்தின் பெயர். நடுவே ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து ஒரே தொலைவில் சுற்றி வரைந்த கோடு வட்டம் என்பது பள்ளியிற் கற்பது. ஆயினும், கணக்குப் புத்தகத்தைக் காணுமுன்னே குழந்தை வட்டத்தைக் கண்டுவிடுகிறது. உண்ணும் வட்டில் வட்டம். காப்பி ஆற்றும் வட்டா வட்டம். பாட்டி தட்டும் அப்பளம் வட்டம். முற்றத்தில் ஆடும் பாண்டி ஆட்டத்தின் சில்லும் வட்டம். வட்டு என்னும் ஆட்டம் மிகப் பழையது. அரங்கு வரையாமல் வட்டாடுதலைத் திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே உவமையாக்கியிருக்கின்றார். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில், 2015-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், பானை ஓடுகளைத் தேய்த்து உருவாக்கிய வட்டச் சில்லுகள் பல கிடைத்துள்ளன. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறுகளும் அங்கே வெளிப்பட்டன. விளையாடிய குழந்தையின் கையிலும் வட்டம். தாகம் தீர்த்த கிணற்றிலும் வட்டம்.

பாண்டிய நாட்டின் எழுத்துங்கூட ஒரு காலத்தில் வட்டமாகவே இருந்தது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளைச் சுற்றி வருவோர் இதனைக் கண்ணாரக் காணலாம். மாங்குளத்துக் குகைகளில் உள்ள மிகப் பழைய தமிழிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. பல நூற்றாண்டுகள் கழித்து ஆனைமலையிலும் சமணர் மலையிலும் வெட்டப்பட்ட எழுத்துகளோ வளைந்து, குழைந்து, ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாறன்காரி அக்கோயிலைக் குடைவித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 770. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. கோயிலை முடிக்குமுன் மாறன்காரி இறந்துவிட, அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்தான் என்னும் செய்தியையும் அக்கல்லே சொல்லுகின்றது.

வட்டெழுத்து என்னும் பெயர் எப்படி வந்தது? வட்டமாக இருப்பதனால் வந்தது என்று பெரும்பாலோர் சொல்லுவர். கல்லில் வெட்டப்பட்டமையால் 'வெட்டெழுத்து' என்பதே திரிந்தது என்பாரும், வடக்கிலிருந்து வந்ததனால் 'வடவெழுத்து' என்பதே இவ்வாறாயிற்று என்பாரும் உளர். ஓலையில் எழுத்தாணி கொண்டு நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் எழுத்து வளைந்தது என்று காரணம் காட்டுவதும் உண்டு. காரணம் எதுவாயினும், அந்த எழுத்தின் வாழ்வு பாண்டிய நாட்டில் நீண்ட நாள் நிலைக்கவில்லை. சோழர் ஆட்சி இங்கே நிலைபெற்ற 11-ஆம் நூற்றாண்டுக்குப் பின் சோழ நாட்டுத் தமிழெழுத்தே பரவலாயிற்று. மலைநாட்டில் மட்டும் வட்டெழுத்து மேலும் பல நூற்றாண்டுகள் வழங்கிற்று. ஆட்சி மாறினால் எழுத்தும் மாறும். சொல் மட்டும் மாறாமல் தங்கிவிடுகிறது.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, வட்டம் என்பதை வடமொழியின் 'விருத்தம்' என்பதோடு சேர்த்தது. தேவநேயப் பாவாணர் இத்தகைய முடிவுகளை ஏற்கவில்லை. வளைதற் கருத்துடைய தமிழ் வேர்களிலிருந்தே இச்சொற்கள் பிறந்தன என்பது அவர் துணிபு. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்த அவர், 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் பேச வந்து, இந்நகரிலேயே உயிர் துறந்தார். சொற்கள் எங்கே பிறந்தன என்னும் கேள்விக்காக ஒருவர் உயிருள்ளவரை உழைத்தார் என்பது, சொல்லை வெறும் ஒலியாக நினைப்பவர் எண்ணிப் பார்க்கத் தக்கது. பிறப்பு எதுவாயினும், வளர்ந்த வீடு தமிழ் என்பதில் இருதரத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி, வட்டம் வடிவத்தை விட்டு வழக்கில் இறங்கிய வழியைக் காண்போர் மதுரை நகருக்குள் செல்லல் வேண்டும். இந்நகரின் அமைப்பில் வட்டம் என்பது தேடினாலும் கிடைப்பது அரிது. நடுவே கோயில், அதன் மதிலுக்குள்ளே ஆடி வீதிகள், மதிலை ஒட்டிச் சித்திரை வீதிகள், அவற்றுக்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் புறத்தே, 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் எழுந்த வெளி வீதிகள். ஒவ்வொன்றும் சதுரத்துக்குள் சதுரம். ஆனால், நகர மாந்தர் எவரும் இவற்றைச் 'சதுரம் சென்றேன்' என்று சொல்லுவதில்லை. 'மாசி வீதியை ஒரு வட்டம் சுற்றி வந்தேன்' என்றே சொல்லுகின்றனர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது எதுவோ, அது வட்டம். கால் நான்கு மூலைகளில் திரும்பினாலும் மனம் வட்டமாகவே திரும்புகிறது.

இந்த மூலைகளில் திரும்புவது எளிதன்று என்பதைத் தேர் சொல்லும். சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடும்போது, வீதி நெடுக வடம் பிடிப்போர் வலிமையால் அது செல்லும். மூலை வந்தால் வடத்தின் வலிமை மட்டும் போதாது. சன்னக்கட்டை இடுவோர் சக்கரத்தின் முன்னே குனிந்து, கட்டையை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, மலைபோன்ற தேரைச் சிறிது சிறிதாகத் திருப்புவர். வட்டமான சக்கரத்தைச் சதுரமான வீதியில் திருப்பும் கலை அது. கீழைத் தேர்முட்டியில் புறப்பட்ட தேர் மீண்டும் தேர்முட்டியில் வந்து நின்ற பின்னரே ஊர் மூச்சு விடும். வண்டியூர்த் தெப்பக்குளமும் இவ்வாறே. 1645-ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அக்குளம் நாற்கர வடிவினது. நடுவே மைய மண்டபம். தைப்பூசத்தன்று தெப்பம் அதனைச் சுற்றி வருவதை மக்கள் 'வட்டம்' என்றே எண்ணுகின்றனர். இவ்வாறு வடிவப் பெயராக இருந்த சொல் செயலின் பெயராயிற்று. அங்கிருந்து 'தடவை' என்னும் பொருளுக்கு ஓரடிதான். 'மகளை ஒரு வட்டம் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லும் தாய் வடிவத்தையா நினைக்கின்றாள்? போய்த் திரும்பி வருதலையே நினைக்கின்றாள்.

சுற்றி வருதலை அடுத்துச் சூழ்ந்து நிற்றல் வருகிறது. சூழ்ந்து நிற்பவர் சுற்றம். சூழப்பட்ட இடம் வளாகம். பல வீடுகள் சூழ நின்றது வளவு. மண்டலம் என்பதும் வட்டத்தையே குறிப்பது. அதுவே பாண்டி மண்டலம் என நாடாகவும், மருத்துவர் வாயில் நாள் கணக்காகவும், இன்று மாநகராட்சியில் பல வார்டுகளின் தொகுதியாகவும் வழங்குகிறது. நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளி வளையத்தை நாட்டுப்புறத்தார் 'நிலா கோட்டை கட்டியிருக்கிறது' என்பர். உயர்ந்த மேகத்தில் உள்ள பனித்துகள்களினூடே ஒளி வளைந்து வருவதனால் உண்டாகும் வளையம் அது; மழை வரும் என்பதற்கு அறிகுறியாக உழவர் அதனைக் கொள்வதில் நியாயம் உண்டு. கோட்டை என்பது அரசன் மதில் மட்டுமன்று. வைக்கோலைப் பிரியாகத் திரித்து, விதை நெல்லை உள்ளே வைத்து உருண்டையாகக் கட்டியதும் கோட்டைதான். நாட்டைக் காப்பதற்கும் நாற்றைக் காப்பதற்கும் ஒரே பெயர் இட்டவர் உழவராகத்தான் இருத்தல் வேண்டும்.

கோட்டம் என்னும் சொல்லின் கதை இதனினும் விரிந்தது. கோடுதல் என்றால் வளைதல். வளைந்தது கோட்டம், வளைத்துக் கட்டியதும் கோட்டம். ஆதலால் கோயிலும் கோட்டம், சிறைச்சாலையும் கோட்டம். மணிமேகலைக் காப்பியத்தின் ஒரு காதைக்கே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று பெயர். கட்டடம் இடிக்கப்படவில்லை, பொருள்தான் மாறிற்று. மனத்தின் கோணலும் கோட்டமே. அரசன் கோல் வளைந்தால் கொடுங்கோல். சுற்றி வளைப்பது அணைப்பதும் ஆகலாம், அடைப்பதும் ஆகலாம். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த முன்னோர் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தவர்கள்.

வட்டமும் அவ்வாறே இருமுகம் உடையது. பழங்காலத்தில் ஒரு நாணயத்தை மற்றொரு நாணயமாக மாற்றும்போது காசுக்கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் கழிவுக்கும் வட்டம் என்று பெயர் இருந்தது. வட்டமான காசு கைமாறும்போது வட்டம் குறைந்து வரும்! திருவிழாக் காலத்தில் கோயிலில் ஒருவர் தலையைச் சுற்றிக் கட்டும் துணிக்குப் பரிவட்டம் என்று பெயர். முழத் துணிதான், ஆயினும் அதற்காக நடந்த சண்டைகள் எத்தனை! முதல் மரியாதை எவருக்கு, பரிவட்டம் எந்தத் தலைக்கு என்பது பற்றி ஊர்கள் இரண்டுபட்டு, திருவிழாவே நின்றுபோனதும் உண்டு. 2004-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றக் கிளைக்கு இத்தகைய வழக்குகள் பல வந்துள்ளன. ஒரு தலையைச் சுற்றிய வட்டம், மற்றத் தலைகளை வெளியே தள்ளும்போது அது மரியாதையா என்று கேட்பதில் தவறில்லை.

வெளியே தள்ளப்பட்டவரின் கதையை மதுரை மறத்தல் ஆகாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை எவரும் வட்டம் வரலாம் என்றிருந்தாலும், மதிலுக்குள்ளே வட்டம் வருதல் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. கட்டும் தொழிலுக்கும் சுமக்கும் தொழிலுக்கும் வேண்டப்பட்ட கைகள், கும்பிடுவதற்கு வேண்டப்படவில்லை. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் அக்கோயிலுக்குள் நுழைந்தனர். அவ்வைவருள் ஒருவர், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன். அவர் பிறந்த தும்பைப்பட்டி மேலூர் வட்டத்து ஊர். அன்று அவர்கள் நடந்த தொலைவு சிறிது. ஆயினும் அந்தச் சிறு நடையினால் கோயிலின் வட்டம் அகன்றது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அது நீதிமன்றம்வரை சென்றது. எனினும் திறந்த வாயில் மீண்டும் மூடவில்லை.

வாழ்க்கையில் இவ்வளவு ஆழமாக வேரோடிய சொல்லைப் பார்த்து, 'உனக்கு ஒரு பொருள் போதும். மற்றவற்றை விட்டுவிடு' என்று எவர் சொல்ல இயலும்? அது முடியாத செயல். செய்யத் தகாத செயலும் ஆகும். வட்டில், வட்டா, வட்டாட்டம், வட்டாரம் என்று வளர்ந்த குடும்பத்தில் எவரையும் வெளியேற்ற வேண்டுவதில்லை. வட்டார வழக்கு என்பதைத் தாழ்வாக நினைத்த காலமும் இருந்தது. 1982-ஆம் ஆண்டில் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கென்றே ஒரு சொல்லகராதி வெளியிட்ட பின்னர், ஒரு சிறு வட்டத்துக்குள் வாழும் சொல்லும் மொழியின் செல்வமே என்பதைப் பலர் உணர்ந்தனர். வீட்டிலும் வீதியிலும் பாட்டிலும் ஒரு சொல் பல பொருள் தருதல் வளமே.

அலுவலகத்தின் நிலை வேறு. அங்கே சொல் என்பது உறவாடுவதற்கு உரியது அன்று. உரிமையைப் பதிவதற்கு உரியது. 1956-ஆம் ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் தாலுகா வட்டம் ஆயிற்று. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஜில்லா மாவட்டம் ஆயிற்று. பெரிய வட்டம் என்பதே மாவட்டம். இவை நல்ல சொற்கள், நாவில் எளிதாக வருபவை, மக்கள் ஏற்றுக்கொண்டவை. பிழை நேர்ந்தது மற்றோரிடத்தில். பொறியியல் துறையிலும் அஞ்சல் துறையிலும் ஆங்கிலேயர் காலம் முதல் 'சர்க்கிள்' என்னும் பிரிவு இருந்தது. அதனைத் தமிழாக்கியவர்கள் அகராதியைப் பார்த்தனர்; சர்க்கிள் என்றால் வட்டம் என்றிருந்தது; அப்படியே எழுதிவிட்டனர். வருவாய்த் துறை அச்சொல்லைத் தாலுகாவுக்கு வழங்கிவிட்டதை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. வார்டும் கட்சிக்காரர் வாயில் வட்டமாயிற்று. மூன்று வெவ்வேறு அயற்சொற்கள் ஒரே தமிழ்ச் சொல்லில் வந்து விழுந்தன. இதில் தமிழ் ஏழையாக இருந்தது என்று சொல்ல இடமில்லை. சரகம், பகுதி, மண்டலம், வட்டகை என்று சொற்கள் கைகட்டி நிற்கையில், துறைக்குத் துறை கலந்து பேசவில்லை என்பதே உண்மை. ஆங்கிலமும் இதில் குற்றமற்றது அன்று. அஞ்சலுக்கு மாநில அளவிலும் காவல் துறைக்குச் சில நிலையங்களின் அளவிலும் அதே 'சர்க்கிள்' என்னும் சொல்லைக் கையாண்டவர்கள் அவர்களே.

இதனால் நேரும் இழப்பு சிறிதென்று எண்ணுதல் கூடாது. நிலப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பார்க்க. மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகச் சொல்லி, அதன்பின் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கெல்லை சொல்லி முடியும். வட்டத்துக்குள் ஒரு சதுரத்தைக் காட்டுவதே பத்திரத்தின் வேலை. சதுரம் அசைவதில்லை, வட்டமோ அரசாணையால் அசையும். 1985-ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது நிலக்கோட்டை வட்டம் மதுரையை விட்டு அங்கே சென்றது. 1996-ஆம் ஆண்டில் தேனி பிரிந்தபோது பெரியகுளமும் உத்தமபாளையமும் சென்றன. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, வரப்பும் மாறவில்லை, பாட்டன் எழுதி வைத்த பத்திரத்தில் மட்டும் 'மதுரை மாவட்டம்' என்று நின்றுவிட்டது. பழைய வட்டத்தின் பெயரும் புதிய வட்டத்தின் பெயரும் ஒன்றென்று நிறுவ, எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி அலுவலகத்துக்கு அலுவலகம் எத்தனை வட்டம் நடப்பாள்! இடையே மற்றொரு துறையின் வட்டமும் புகுந்தால் அவள் நடை இன்னும் நீளும்.

'எழுத்தர் கேட்டுத் திருத்திக்கொள்வார்' என்று சிலர் அமைதி கூறுவர். நல்ல எழுத்தர் அவ்வாறே செய்வார். மேசையின் எதிரே நிற்கும் முதியவரை அமரச் செய்து, 'ஐயா, இது அந்த வட்டம் அல்ல' என்று விளக்கி, தாமே எழுதிக் கொடுக்கும் நல்லோர் பலர் உளர். ஆனால், ஒருவருடைய உரிமை மற்றொருவருடைய நற்குணத்தை நம்பி நிற்றல் முறையன்று. இப்பொழுது விண்ணப்பங்கள் பல கணினி வழியே செல்கின்றன. கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது. பிழையான வட்டத்தைத் தந்தால், விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். ஏன் தள்ளியது என்று அமரவைத்துச் சொல்லாது.

வடிவத்தை மட்டும் கண்டு பொருளை முடிவு செய்ததனால் நேர்ந்த கேட்டுக்கு மதுரையிலேயே பழைய சான்று உண்டு. சிலப்பதிகாரத்தில் அரசியின் காற்சிலம்பும் கண்ணகியின் காற்சிலம்பும் வடிவத்தில் ஒன்றாகவே இருந்தன. வளைந்த வடிவம் ஒன்று. உள்ளே இருந்த பரல் வேறு. ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். பாண்டியன் உடைத்துப் பார்க்கவில்லை. உள்ளே என்ன என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அரசவையில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபின் அறிந்து என்ன பயன்?

அலுவலகப் படிவங்களில் செய்ய வேண்டியது பெரும்பணி அன்று. சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. அதற்குமுன் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். வருவாய் வட்டம், மின்பகிர்மான வட்டம், அஞ்சல் வட்டம், வடிநில வட்டம் என்று முழுப்பெயரை அச்சிடலாம். மின்துறையும் வருவாய்த் துறையும் ஒருமுறை கூடிப் பேசி, கோட்டமும் வட்டமும் எது பெரிது என்பதை ஒருவாறாக முடிவு செய்துகொள்ளலாம். முடிவு செய்ய மனமில்லையெனில், கணினியிலேனும் ஊர்ப்பெயரை எழுதியவுடன் அந்தந்தத் துறையின் வட்டம் தானே வந்து நிற்குமாறு அமைக்கலாம். தம் ஊர் எது என்பது உழவருக்குத் தெரியும். அது எந்தத் துறையின் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருத்தல் அத்துறையின் கடமையே அன்றி அவர் கடமை அன்று. மாவட்டங்கள் பிரிந்த ஆண்டுகளையும், எந்த வட்டம் எங்கே சென்றது என்பதையும் ஒரு பலகையில் எழுதி, ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்தின் வாயிலிலும் வைக்கலாம். பழைய பத்திரத்தோடு வரும் மூதாட்டியின் பெயரன் அதைப் படித்துச் சொல்லுவான்.